நாவல்மரத்துக் காவல்

இது போன கோடையில் நடந்ததா, அதற்கு முந்தின கோடையிலா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்ல வராது. காப்பிப் பூ உதிர்ந்து முடிந்திருந்தது, ஏற்காட்டுக்கு வந்த கார்கள் கொண்டை ஊசி வளைவுகளில் நெருக்கியடித்து நின்றன என்பது நினைவிருக்கிறது. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதில் எனக்குக் குழப்பம் உண்டு. சின்னையனே ஒவ்வொரு தடவையும் முன்பின்னாகத்தான் சொன்னார். ஆனால் யார்மேல் சந்தேகப்பட்டார் என்பதில் மட்டும் அவர் பேச்சு மாறியதே இல்லை.

சின்னையனுக்குச் செம்மநத்தத்தில் கொஞ்சம் காப்பித் தோட்டம். அதன் மேல் ஓரத்தில், மச்சான் சித்தனின் வேலியை ஒட்டி, ஒரு கிழட்டு நாவல்மரம். அந்த மரத்துப் பொந்தில்தான் இருவாச்சி கூடு வைத்திருந்தது. அந்தப் பறவையின் வழக்கமே தனி. பெட்டை பொந்துக்குள் புகுந்து, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே சிறகிறகுகளை உதிர்த்துவிட்டு, பறக்கமாட்டாமல் முட்டைமேல் கிடக்கும். ஆண்தான் தொண்டை நிறையப் பழம் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். ஆண் வராவிட்டால் உள்ளே இருப்பவை எல்லாம் பட்டினி.

அதற்கு முந்தின வருடமும் அதே பொந்தில் கூடு இருந்தது; அதற்குக் காவல் இருக்கச் சின்னையன்தான் ஒப்புக்கொண்டிருந்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால் மண் அடைப்பு உடைந்து, பொந்து காலியாகக் கிடந்தது. இருவாச்சியின் கொழுப்பை உருக்கிய நெய் முட்டிவலிக்குக் கேட்கும் என்று நம்புகிறவர்கள் இன்றும் மலையில் இருக்கிறார்கள். டீக்கடையில் ஒருவன் சிரித்துக்கொண்டே, "காவக்காரரே வித்துப்போட்டாருன்னு பேச்சுங்க" என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை. சின்னையன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். பறவைகளைக் காப்பாற்றும் ஒரு குழுவிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகும் சசிகலா, "நீங்க அன்னைக்கு எங்கண்ணா இருந்தீங்க?" என்று கேட்டதையும் அவர் மறக்கவில்லை. கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் அவரை அறுத்தது.

ஆகவே இந்தத் தடவை பெட்டை உள்ளே போய் அடைத்துக்கொண்டது தெரிந்ததும், சின்னையன் நாவல்மரத்தடியில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நாய். கொசுவுக்குக் காப்பித் தோல் புகைச்சல். போகிற வருகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

சசிகலா வந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"தள்ளி இருந்து பாருங்கண்ணா. அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம்."

"சரிங்க சாமி," என்றார். அவள் போனதும் யோசித்தார். நான் ஏன் தள்ளி இருக்க வேண்டும்? நான் தள்ளிப் போனால் யார் கிட்டே வருவார்கள்? அன்று தார்ப்பாயை மரத்துக்கு இன்னும் ஒட்டி இழுத்துக் கட்டினார்.

ஆண் பறவை கண்ணில் படவில்லை. முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். பிறகு, தான் இல்லாத நேரத்தில்தான் ஏதோ நடக்கிறது என்று தோன்றியது. சாப்பாட்டை மரத்தடிக்கே கொண்டுவரச் சொன்னார்.

மனைவி காளியாயி தூக்குச்சட்டியோடு மேடு ஏறி வந்தாள்.

"அந்தப் பெட்டை கொடுத்து வெச்சது. உள்ள உக்காந்திருந்தா புருசன் சோறு கொண்டாந்து ஊட்டறான். எனக்குன்னு வாச்சது, மரத்தடியில உக்காந்துக்கிட்டு என்னைய ஏற உடுது."

சின்னையன் சிரிக்கவில்லை. "உங்கண்ணன் என்ன பண்றான்?"

"ஊட்டுலதான் இருக்குது. முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு. இப்பத் தேவலையாம், நல்லா நடக்குது."

"என்ன எண்ணெய்?"

காளியாயி அவரைப் பார்த்தாள். தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள். "சாப்புடுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவருக்கு எல்லாம் பொருந்திப் போனது. சித்தன் தன் பக்கத்தில் பறவைகள் பழம் தின்னும் அத்தியையும் இச்சியையும் வெட்டிவிட்டு, மிளகுக்கொடி ஏற்றுவதற்காகச் சில்வர் ஓக் மரம் வைத்தவன். மரம் வெட்டியதை யாரோ பாரஸ்ட் ஆபீசில் சொல்லிவிட, சின்னையன்தான் சொன்னார் என்று பேச்சை நிறுத்தியவன். இப்போது தினமும் வாசலில் நின்று நாவல்மரத்தையும் மேலேயும் மாறி மாறிப் பார்க்கிறான். சின்னையன் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மடியில் கனமில்லாதவன் எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்?

ஒருநாள் காலை பொந்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மெலிந்த, கீறலான சத்தம். கீறலில் அலகு நீண்டது, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, உள்ளே போனது. சின்னையன் அண்ணாந்து பார்த்தபடியே வெகுநேரம் நின்றார். அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஆணைக் கொன்றுவிட்டான். உள்ளே இருப்பதும் சாகப் போகிறது. ஊர் மறுபடியும் என்னைத்தான் பார்க்கும்.

நாயை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினார்.

சித்தன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"வாங்க மாப்ள. வழி தெரிஞ்சுதுங்களா?"

"அந்தச் சீசாவக் குடு."

சித்தன் சீசாவை நீட்டினான். சேலம் பஸ் ஸ்டாண்டில் விற்கிற தைல சீசா. லேபிள்கூடக் கிழியவில்லை. சின்னையன் முகர்ந்து பார்த்தார். கற்பூர வாசனை. அப்போதும் நம்பவில்லை.

"சீசா எதுவாச்சும் இருக்கட்டும். உள்ள என்ன ஊத்தி வெச்சிருக்கறே? ஆண் பறவ எங்க?"

சித்தன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று சின்னையன் எதிர்பார்த்திருந்தார். அவனோ தாடையைச் சொறிந்தான்.

"நாய முதல்ல பின்னால கொண்டுபோய்க் கட்டுங்க."

"எதுக்கு?"

"கட்டுங்கன்னா கட்டுங்க மாப்ள. கட்டிட்டு இப்படி வந்து உக்காருங்க. பேசாத உக்காரோணும். அதுதான் உங்களுக்கு வராது."

ஏதோ தந்திரம் என்றே நினைத்தார். ஆனாலும் நாயை வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சித்தன் விரலை மட்டும் உயர்த்தினான். சில்வர் ஓக்கின் உச்சிக் கிளையில், சாம்பல் இலைகளோடு இலையாக, ஆண் இருவாச்சி. தொண்டை புடைத்திருந்தது.

பறவை தலையைச் சாய்த்து நாவல்மரத்தடியைப் பார்த்தது. புகை இன்னும் லேசாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் காற்றில் ஒருமுறை படபடத்தது. பறவை அசையவில்லை. புகை அடங்கிய பிறகு, மிகவும் தாமதித்து, கிளையை விட்டு எழும்பி, அலை அலையாகத் தாழ்ந்து பறந்துபோய்ப் பொந்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது. கீறலில் அலகு நீண்டது. ஒரு பழம். இன்னொரு பழம். இன்னொன்று.

சின்னையன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"தினமும் இங்கதான் உக்காந்திருக்கும்," என்றான் சித்தன். "நீங்க சோத்துக்குப் போற நேரத்துல ஒருக்கா எறங்கிப் போயிட்டு வரும். இப்பச் சோறும் அங்கியே வருதே. பொழுது சாஞ்சு நீங்க எறங்கற வரைக்கும் இருந்து பாக்கும். இருட்டுனா அதுக்கும் கண்ணு தெரியோணுமில்ல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மச்சான்."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நான் பறவையப் புடிக்கத்தான் உங்கள அங்கிருந்து எழுப்பி உடறேன்னு சொல்லியிருப்பீங்க."

அது உண்மைதான். சின்னையன் கேட்டார்:

"நீ என்னத்துக்கு அதப் பாத்துக்கிட்டே இருந்தே?"

"என்ர மரமெல்லாம் நான்தான வெட்டுனேன். அது பழத்துக்கு எங்க போவுதோன்னு பாத்தேன். நொம்பத் தொலவு போவுது. அந்த வாழவந்திப் பக்கம்."

தார்ப்பாயை அன்றே அவிழ்த்தார். சசிகலா அடுத்து வந்தபோது சின்னையன் நடந்ததைச் சொன்னார், குரலைத் தாழ்த்தி, திருடியதை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. அவள் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"போன தடவ ஒடைஞ்ச மண்ணு எங்கண்ணா கெடந்துச்சு? பொந்துக்கு உள்ளயா, மரத்தடியிலயா?"

"ஏனுங்க?"

"ஆளு ஒடைச்சா பாதியாச்சும் உள்ள விழும். பசி தாங்காம பெட்டையே கொத்திக்கிட்டு வெளிய வந்திருந்தா எல்லாமே வெளியதான் விழும். அப்ப மரத்தடியில எதாச்சும் வேல நடந்துச்சா?"

அந்தக் கோடையில் களை வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்து அந்த ஓரம் முழுக்க ஓட்டியது சின்னையனுக்கு நினைவு வந்தது. ஆட்கள் மத்தியானம் படுத்ததும் அந்த மரத்து நிழலில்தான். மண் எங்கே கிடந்தது என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. மரத்தடியில் என்று ஒருநாள் தோன்றும். இல்லை, மரமேறிப் பொந்துக்குள் எட்டிப் பார்த்தபோது கட்டிகளைப் பார்த்தோமே என்று மறுநாள் தோன்றும்.

இனிச் சொல்ல அதிகமில்லை. அந்த வருடம் பெட்டையும் ஒரே ஒரு குஞ்சும் வெளியே வந்தன. இன்னொரு குஞ்சு பொந்துக்குள் காய்ந்து கிடந்தது. சித்தன் வேலியோரத்தில் இரண்டு அத்திக் கிளைப் போத்து நட்டான். ஒன்று பிழைத்திருக்கிறது, காய்க்க இன்னும் காலமாகும். மிளகும் சில்வர் ஓக்கும் அப்படியேதான் இருக்கின்றன. சசிகலா வேறு மலைக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். காளியாயி மதியச் சோற்றைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவதில்லை. டீக்கடைப் பேச்சு ஓயவில்லை. சின்னையன் இப்போது சித்தன் வீட்டு வாசலிலிருந்துதான் நாவல்மரத்தைப் பார்க்கிறார். இந்த வருடம் பொந்து காலியாக இருக்கிறது.