மடியில் வைத்த களைப்பு

எசன் நகரில் மெர்லிண்டா என்ற பிலிப்பைன்ஸ் தாதி வேலையால் வந்ததும் தன் களைப்பைக் கழற்றி இரண்டாம் மாடிப் படியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக் கதவைத் திறப்பாள். சாதாரண நாளில் அது நனைந்த கம்பளிப் போர்வை அளவு இருக்கும். வார்டில் ஆள் குறைந்த நாளில் அரிசி மூட்டை அளவு. சாம்பல் நிறம், ஆஸ்பத்திரிச் சவர்க்கார மணம். வைக்கும்போது "கப்போய்" என்பாள். அவளுடைய செபுத் தீவில் களைப்புக்கு அதுதான் சொல்லாம். ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே வந்து திரும்ப எடுத்துப்போவாள், ஏனென்றால் அது இல்லாமல் அவளுக்கு நித்திரை வராது. அந்த வீட்டில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. படியில் பொருள் வைக்கத் தடை என்று கீழ்வீட்டுக் கிழவி மட்டும் ஒருமுறை முணுமுணுத்தாள்.

எதிர்வீட்டுச் சூசைதாசன் அப்படி விடுகிற ஆள் இல்லை. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கிய நாள் முதல் சிரித்துப் பேசுகிறவனை நம்புவதில்லை, சிரிக்காதவனையும் நம்புவதில்லை. அந்தக் கட்டடத்தில் வாரத்துக்கு ஒரு குடும்பம் படி துடைக்கவேண்டும். யாருடைய முறையோ அவர்கள் கதவில் ஒரு அறிவிப்பு மட்டை தொங்கும். தன் முறை வந்த திங்கட்கிழமை, துடைத்த ஈரம் காயமுன் அந்த மூட்டை படியில் கிடந்ததைக் கண்டார். கதவைத் தட்டி, இனி இங்கே ஒன்றும் இருக்கக்கூடாது என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னார். மெர்லிண்டா களைப்பை உள்ளே தூக்கிப்போனாள்.

செபுவில் தங்கையிடம் வளரும் நாலு வயது மகள் ஜெனிலினை அவள் தினமும், களைப்பு வெளியே கிடக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில், போனில்தான் உறங்கவைப்பாள். எசனில் பின்னேரம் ஆகும்போது அங்கே பிள்ளைகள் படுக்கும் நேரம். அந்த வாரம் களைப்பு குரலில் ஏறி, கடல் கடந்து, பிள்ளையின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. பிள்ளை கண் மூடவில்லை. இது வேறு யாரோ என்று அழுதது. கடைசியில் போனுக்குக் கிட்டவே வரமாட்டேன் என்றது. ஞாயிறு பூசை முடிந்து மெர்லிண்டா இதைச் சூசைதாசனின் மனைவி மக்டலீனிடம் சொல்லி அழுதாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் படி துடைச்ச லட்சணத்தில செபுவில ஒரு பிள்ளை நித்திரை இல்லாமல் கிடக்குது."

"நான் படியைத்தானே துடைச்சனான், கடலையே துடைச்சனான்?"

"தாயின்ர குரலே வேண்டாமாம் அதுக்கு."

"உவையள் சொல்லுறதை நம்பேலுமே?"

"நம்பாதேங்கோ. எட்டு வயசில வந்திறங்கின எங்கட லூக்காஸ் உங்களைத் தகப்பன் எண்டு தெரியாமல் 'ஐயா' எண்டு கூப்பிட்டவன். அதையும் நம்பாதேங்கோ."

சூசைதாசன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்த மகன். எட்டு வயதுப் பையனை யாரும் மடியில் போட்டு ஆட்டுவதில்லை. அதன்பிறகு இவருக்கு இரவு வேலை. இப்போது லூக்காஸ் டோர்ட்மண்டில் ட்ராம் ஓட்டுகிறான். போனில் குளிரைப்பற்றிப் பேசுவான், வைத்துவிடுவான்.

மறுநாள் அவர் படியில் உட்கார்ந்திருந்தார். மெர்லிண்டா வந்ததும் கையை நீட்டினார். "படியில வைக்கத்தான் தடை. மடியில வைக்கத் தடையில்லை. தா." அவள் "மனோங்" என்றாள்; அண்ணை என்பதுபோல. மூட்டையை இறக்கினாள். அவருக்கு முழங்கால் நெரிந்தது. அடுத்தவர் களைப்பு குரலில் ஏறாது, முழங்காலில்தான் ஏறும் என்று அன்று அறிந்தார். பிள்ளை முதல்நாள் போனைப் பார்க்கவில்லை, மறுநாள் அறை மூலையில் நின்று கேட்டது, அந்தக் கிழமை முடியமுன் உறங்கியது.

இப்படி இரண்டு மாரிகாலம் போயிற்று. மெர்லிண்டா பிள்ளையோடு பேசுவதைத் திறந்த கதவு வழியே கேட்டுக்கேட்டு அவருக்கும் செபு மொழிச் சொற்கள் பிடிபட்டன. டூக்கா என்றால் கண் சொக்குவது. பியோங் என்றால் கண்ணை மூடுவது. அழுகிற பிள்ளையைப் பேச்சாலேயே தடவிக்கொடுப்பது அலம்-அலம். அந்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே அவர் அதுவரை நினைத்ததில்லை.

ஒரு மார்ச் மாதப் பின்னேரம், மூட்டையை மடியில் வைத்தபடியே லூக்காஸுக்குப் போன் எடுத்தார்.

"என்னப்பா, அம்மாக்கு ஏதும் ஏலாதோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எங்க நிக்கிறாய்?"

"வீட்டில. இப்பதான் வேலையால வந்தனான்."

"படு."

"என்ன?"

"படடா எண்டுறன். போனைக் காதில வை. கண்ணை மூடு."

சொல்லிவிட்டுத் தன் சொந்தக் களைப்பைக் கழற்றிப் பக்கத்துப் படியில் வைத்தார். மிகப் பழையது, கல்லாய் இறுகியிருந்தது. பிறகு பேசத் தொடங்கினார். தமிழ் பாதி, செபு பாதி. லூக்காஸ் சிரித்தான். "உங்களுக்கு விசரப்பா" என்றான். பிறகு சிரிப்பு நின்றது. மூச்சு நீண்டது. நாற்பது கடந்த ஆளின் குறட்டை கேட்டது. சூசைதாசன் போனை வைக்கவில்லை.

மெர்லிண்டா தன்னுடையதை எடுக்க வெளியே வந்தாள். பார்த்தாள். படியில் கிடந்த அவருடைய கல்லை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.