ஆறு பேருக்கான மிக்சர்

தெரேசம்மாவின் வலது கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷமாகிறது. கேகாலை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் போகும்போதெல்லாம் பிரஷர் பார்ப்பார்கள், அது எக்கச்சக்கமாக ஏறி நிற்கும், "கொறச்சுக்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படி இரண்டு தடவை ஆகிவிட்டது.

புல் வெட்டுகிறவளாக இருந்தால் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். தெரேசம்மா யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். பட்டையை நூல் பிடித்த மாதிரி சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்படும், காயம் முடிச்சாகிவிடும், பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. இருபத்திரண்டு வருஷமாகக் கெட்ட பேர் வாங்காதவள், போன மாசம் மட்டும் இரண்டு மரத்தைக் காயப்படுத்திவிட்டாள். மேற்பார்க்கிற ஐயா சத்தம் போடவில்லை. "இன்னொன்னு ஆச்சுன்னா கத்தியக் குடுத்துட்டுப் புல்லு வெட்டப் போ தெரேசம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

உப்பு விஷயத்தில் அவள் குறை வைக்கவில்லை. கருவாட்டை நிறுத்தினாள். ஊறுகாய்ப் போத்தலைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். குழம்பில் பேருக்குத்தான் உப்பு. அவள் புருஷன் இராயப்பன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"பிரஷர் ஒனக்கு. தண்டன எனக்கா புள்ள?"

"ஆபரேஷன் முடியிற வரைக்குந்தாங்க. வாய மூடிக்கிட்டுத் தின்னுங்க."

வாயை மூடிக்கொண்டு எப்படித் தின்பது என்று அவர் கேட்கவில்லை.

இத்தனை விரதத்துக்கு நடுவே அவள் தனக்கென்று விட்டுவைத்த ஒரே சந்தோஷம் மிக்சர் பாக்கெட். வேலைத்தலத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒன்று, அந்திக்கு வீடு வந்ததும் ஒன்று. அதையும் விசாரிக்காமல் தின்னவில்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில், புரை விழுந்த கண்ணுக்கும் தெரிகிற கொட்டை எழுத்தில் 'உப்பு 0.3 கிராம்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே என்னவோ பொடி எழுத்து. அதைக் கடைக்கார றஊப்பிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள்.

"ஒரு பரிமாறலுக்காம். ஒரு பரிமாறல் பதினஞ்சு கிராம். மொத்த நிறை தொண்ணூறு கிராம்."

"தொண்ணூறுங்கிறாங்க, பொறகு பதினஞ்சுங்கிறாங்க. என்னா மொதலாளி அது?"

"எனக்கென்ன தெரியும்? நான் விக்கிறவன், தின்னுறவன் இல்ல."

றஊப்புக்குத் தெரியாதது தெரேசம்மாவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ரப்பர் ஸ்டோரில் தினமும் நடப்பதுதானே இது! அவள் இருபது லீட்டர் பாலைத் தூக்கிக்கொண்டு போவாள். அங்கே ஒரு குழாயில் கொஞ்சம் பாலை எடுத்து, மீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். தண்ணீரெல்லாம் போய்க் காய்ந்தால் ஆறு கிலோதான் ரப்பர் என்று எழுதுவார்கள். தூக்கி வந்தது வேறு, சரக்கு வேறு. மிக்சரும் அப்படித்தான் என்று முடிவு கட்டினாள். தொண்ணூறில் காற்றும் எண்ணெயும் போக, அசல் சரக்கு பதினைந்து கிராம். பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் காற்றுத்தானே இருக்கிறது. ஆக, முழுப் பாக்கெட்டுக்கும் சேர்த்து உப்பு அந்தத் துளிதான். அன்றிலிருந்து நிம்மதியாகத் தின்றாள்.

மூன்றாவது தடவை கேகாலைக்குப் போனபோது தாதி ஷாமிளா அவள் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நூற்று எழுபத்திரண்டு.

"என்னம்மா சாப்பிடுறீங்க? உண்மையச் சொல்லுங்க."

தெரேசம்மாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "மாதா மேல சத்தியமா உப்பத் தொடுறதில்ல மிஸ். எங்க வீட்டுக்காரரக் கேளுங்க, நாக்குச் செத்துப்போயி நிக்கிறாரு. நான் திங்கிறது இது ஒண்ணுதான்." பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்து, மீட்டர் கணக்கையும் விளக்கமாகச் சொன்னாள்.

ஷாமிளா சிரிப்பை அடக்கிக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்க மடிப்பை விரித்தாள். உள்ளே இன்னொரு வரி ஒளிந்திருந்தது.

"அம்மா, இதுல ஆறு பரிமாறல் இருக்காம். ஆறு பேரு திங்கணும்னு கம்பெனி நெனைக்குது. முன்னால போட்டிருக்கிற உப்பு, ஒரு ஆளோட பங்குக்குத்தான்."

மாத்திரை கொடுக்கிற சின்னக் கிண்ணத்தை எடுத்து, அந்த ஒரு பங்கை அதில் கொட்டிக் காட்டினாள். ஏழெட்டுக் கடலை, மூன்று துண்டு முறுக்கு, மிச்சமெல்லாம் பொடி.

"இது ஒரு ஆளுக்கா? கோழிக்குஞ்சுக்குப் போட்டாக்கூட இன்னுங் கேட்டுக் கத்துமே மிஸ்!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தமிழ் தெரியாத ஒரு சிங்களப் பெண்ணும் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "அனே, மெச்சரத?" என்று, இவ்வளவுதானா என்கிற மாதிரிக் கையை விரித்தாள்.

தெரேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப ரெண்டு பாக்கெட்டுக்கு, தெனமும் பன்னெண்டு பேரு பங்க நான் ஒத்தையாத் தின்னுருக்கேனா?" பாக்கெட்டைக் கோபமாகத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினாள். "ஆறு பேருக்குன்னா, கவர்ல ஏன் ஒரே ஒரு பொண்ணு ஒக்காந்து திங்கிற மாதிரி படம் போட்டிருக்கான்? மத்த அஞ்சு பேரு எங்க மிஸ்?"

ஷாமிளா ஒரு மாசம் கழித்து வரும்படி துண்டு எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் தெரேசம்மா பேப்பரை விரித்து, ஒரே பாக்கெட்டைத் தனக்கும் கூட வேலை செய்கிற ஐந்து பெண்களுக்குமாக ஆறு குவியல் வைத்தாள். நிரோஷா தன் பங்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னக்கா, கோயில்ல துன்னூறு குடுக்கிற மாதிரி குடுக்கிறே?"

"கம்பெனிக்காரன் சொன்ன அளவுடி. கூட வேணும்னா அவன்கிட்டப் போயிக் கேளு."

அந்த ஒரு மாசமும் நாளுக்கு ஒரு பாக்கெட், ஆளுக்கு ஒரு குவியல் என்று ஓடியது. அந்தி நேரம்தான் பெரும்பாடு. கை தானாக அலமாரிப் பக்கம் போகும். ஐயா மெதுவாகச் சொன்ன வார்த்தையை நினைத்துக்கொண்டு கையை இழுத்துக்கொள்வாள். காலையில் மூக்கு பட்டையில் உரசும்படி குனிந்து, தடவித் தடவி வெட்டினாள். புதிதாக எந்த மரமும் காயப்படவில்லை.

நான்காவது தடவை இராயப்பனும் கூடவே வந்தார். பட்டியைச் சுற்றியதும் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. நூற்று ஐம்பத்தாறு என்றாள் ஷாமிளா. "பயந்துட்டீங்க போல. பத்து நிமிஷம் உக்காருங்க, திரும்பப் பாப்போம்."

தெரேசம்மா வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. இராயப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானுந்தான் உப்பில்லாமத் திங்கிறேன் புள்ள. ஒனக்குக் கொறையலன்னா சொல்லு, என் கையக் காட்டிருவோம். மிஸ்ஸுக்கு என்னா தெரியப் போவுது?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்துப் போய்க் கையை நீட்டினாள். நூற்று முப்பத்தெட்டு. டாக்டர் பார்த்துவிட்டு, வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்று எழுதினார்.

தெரேசம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அந்தத் துண்டை இராயப்பனிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வியாழக்கிழமை வியாழக்கிழமையாகவே இருந்தது.

"கண்ணு தெளிஞ்சதும் மொதல்ல யாரப் பாப்ப?" என்று கேட்டுவிட்டு இராயப்பன் தலையைக் கோதிக்கொண்டார்.

"நான் காயப்படுத்துன அந்த ரெண்டு மரத்தத்தாங்க."

"அப்ப நான்? என்னக் காயப்படுத்துனதே இல்லையா?"

"ஒங்களக் காயப்படுத்துனதெல்லாம் கண்ணு நல்லாத் தெரிஞ்சப்பதாங்க" என்றாள் தெரேசம்மா.

யட்டியாந்தோட்டை பஸ் வந்து, ஏறி, உட்கார்ந்த பிறகும் இராயப்பன் சிரித்துக்கொண்டிருந்தார்.