வாகை மரத்தின் தூர்

புயல் ஓய்ந்த பிறகும் ஊருக்குக் கரண்டு வரவில்லை, காஸ் வண்டி வரவில்லை. சேதம் பார்க்கக் கார்கள் மட்டும் வந்தன. கண்ணாடியை இறக்காமலே பார்த்துவிட்டுப் போய்விட்டன. கல்லறைத்தோட்டத்தில் சாய்ந்து கிடந்த பெரிய வாகையை வெட்டி, வீட்டுக்கு ஒரு பங்கு விறகு எடுத்துக்கொள்ளலாம் என்று மாதா கோயிலில் அறிவித்தார்கள். வலையும் வள்ளமும் சிதைந்து கிடந்த ஊரில் இனிகோவுக்கு வேறென்ன வேலை? கிளம்பிவிட்டான்.

மரம் சும்மா சாயவில்லை. மணல் பூமியல்லவா, வேர் ஆழத்துக்கு இறங்கவேயில்லை. மண்ணும் வேருமாக ஒரு சுவர் அளவுக்குப் பெயர்த்துக்கொண்டு விழுந்திருந்தது. அந்த வேர்ச்சுவர் செங்குத்தாக நிற்க, அதற்குப் பின்னால் பெரும் பள்ளம். பள்ளத்துக்குள் இனிகோவின் அண்ணன் ஜெரால்டின் சவப்பெட்டி உளுத்துப் பிளந்து கிடந்தது. குருசு போன இடம் தெரியவில்லை.

ஜெரால்டின் பெண்சாதி ஏஞ்சலின் விடிந்ததுமே வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"வெளிய வந்த எலும்பையெல்லாம் அள்ளிப் பொதுக்குழியில போடணும்னு கோயில் கமிட்டியில சொல்லுதாங்க இனிகோ. அதுக்கப்புறம் யாரு எலும்பு யாருதுன்னு என்ன கண்டோம்? நான் விட மாட்டேன். என் கையால அள்ளி, மாமா கல்லறையிலயே கொண்டு வச்சிருவேன்."

"வைங்க மைனி. யாரு வேண்டாங்கா?"

"அதுக்குள்ள பள்ளத்தை மூடிட்டா?"

"யாரு மூடுவா? வீட்டுக்குப் போயி அண்ணன் வேட்டி ஒண்ணு எடுத்துட்டு வாங்க. நீங்க அள்ளி முடிக்கிறவரைக்கும் ஒரு பிடி மண்ணு உள்ள விழாது. மாதா மேல சத்தியம்."

சத்தியத்தைக் கேட்டதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. "கல்யாண வேட்டி பெட்டியில இருக்கு. அன்னைக்கே அதைக் கட்டித்தான் அடக்கம் பண்ணணும்னு சொன்னாவ. எனக்குத்தான் குடுக்க மனசு வரல" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மரம் அறுக்கும் மிஷினோடு ஆற்றங்கரை ஊரான ஏரலிலிருந்து வந்திருந்தவன் செந்தில்முருகன். சிடுமூஞ்சி. வந்ததிலிருந்து மரத்தோடு பேசினானே தவிர மனிதர்களோடு பேசவில்லை. கொஞ்ச நேரம் அறுத்துவிட்டு மிஷினைக் கீழே வைத்தான்.

"ஆயிலு தீரப்போவுது, வாங்கிட்டு வந்துருதேன். அண்ணாச்சி, அதுவரைக்கும் கொப்பை மட்டும் கழிங்க. வேரை ஒட்டுன தூர்ப்பக்கம் போவாதீங்க. அதை நான் வந்து பாத்துக்கிடுதேன்."

ஏன் போகக்கூடாது என்று அவன் சொல்லவில்லை. பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் ஜெனோ ஆரம்பித்தான். இனிகோவின் வள்ளத்துக் கூட்டாளி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "பாத்தியாலே? தூர்க்கட்டையை ஒதுக்குதான். இருக்கதுலயே வைரம் பாஞ்ச கட்டை அதுதான். ஏலத்துல நல்ல சீலா மீனை ஓரமா எடுத்து வச்சுட்டு, பொடி மீனுக்கு வெல பேசுவானுவளே, அதே சாதிதான் இவனும்."

இனிகோவுக்குச் சுருக்கென்றது. அவன் பிடித்த மீனில் நல்ல மீன் எது அவன் வீட்டுக்கு வந்திருக்கிறது? கரையில் நிற்கிறவன்தான் எடுப்பான். கடலுக்குப் போனவன் பார்த்துக்கொண்டு நிற்பான். கடல்தான் அப்படியென்றால், செத்தவர்களின் தோட்டத்திலுமா?

"அவன் வாரதுக்குள்ள அந்தக் கட்டையை அறுத்துருவோம்" என்றான்.

"மைனிகிட்ட சத்தியம் பண்ணிருக்கியே?"

"பள்ளம் அங்கன இருக்கு, நாம அறுக்கது இங்கன. கரையேத்துன வள்ளம் தானா எறங்கியா போவும்?"

துறைமுகத்து மரக்கிடங்கில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் இனிகோ. மிஷின் பிடிக்கத் தெரியும். ஆனால் அங்கே அவன் அறுத்ததெல்லாம் வேரில்லாத மரம். ஒரு பேச்சுக்கு "மைனீ!" என்று குரல் கொடுத்தான். பதில் இல்லை. வாசலைப் பார்த்தான். யாரும் வரவில்லை. மிஷினைக் கிளப்பினான். அதன் அலறலில் கடல் இரைச்சலே கேட்கவில்லை.

பாதிக்கு மேல் அறுத்ததும் மரம் படாரென்று முறிந்தது. இனிகோ பின்னால் குதித்தான். பாரம் விட்டதும் வேர்ச்சுவர் ஒரு ஆட்டம் ஆடியது. மெதுவாகத்தான் சாயத் தொடங்கியது; பிறகு ஒரே வீச்சில் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தரை அதிர்ந்தது. கிடந்த மரத்தின் தூர், நட்டுவைத்தாற்போல் நிமிர்ந்து நின்றது.

ஜெனோதான் முதலில் தொண்டையைத் திறந்தான். "ஏலே, மூணாம் நாள் உயிர்த்தெழுந்துட்டுலே!"

கொப்பு பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். புயலுக்குப் பிறகு ஊர் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். இனிகோவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சிரித்து முடித்த பிறகுதான் சத்தியம் நினைவுக்கு வந்தது. பள்ளம் மூடிவிட்டதே! மைனி முகத்தில் எப்படி முழிப்பது? தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் பக்கம் சுற்றிப் போனான்.

வாசலில் கொப்பு குவிந்து கிடந்ததால், ஏஞ்சலின் கடல் பக்கமாக, இடிந்த சுவர் வழியே வந்திருக்கிறாள். கல்லறையருகே போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவது அவள் வழக்கம். செருப்பு ஜோடியாக இருந்தது. வேருக்கும் மணலுக்கும் நடுவே பச்சைக்கரை வேட்டியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"மைனீ!" என்று இனிகோ கத்தியது கடற்கரை வரை கேட்டது. நகம் பிய்ந்து ரத்தம் வரத் தோண்டினான். மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். வேரை அறுக்க மிஷினைப் பிடித்தால், ஆயில் வறண்டு சங்கிலி இறுகிப்போயிருந்தது. திரும்பி வந்த செந்தில்முருகன், நிமிர்ந்து நின்ற தூரைப் பார்த்ததுமே கேனைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். ஒருவரும் அவனுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜேசிபி வந்துதான் அவளை எடுக்க முடிந்தது. வேட்டியில் எலும்பையெல்லாம் அள்ளி முடிச்சும் போட்டிருந்தாள். முடிச்சு அவிழவில்லை. இரண்டு பேரையும் அவள் மாமனார் கல்லறையிலேயே வைத்தார்கள். கமிட்டிக்காரர்கள் தடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து மண் தள்ளிய பிறகு இனிகோ செந்தில்முருகனின் சட்டையைப் பிடித்தான். "எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா பாவி?"

அவன் கையைத் தட்டிவிடவில்லை. "பாரம் விட்டா தூரு நிமிரும்னு எங்க பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லண்ணாச்சி. உங்களுக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்" என்று அழுதான்.

விறகைப் பங்கு வைத்தார்கள். அடுப்பு எரிய வேண்டுமே! ஆனால் அந்தத் தூர்க்கட்டையை எந்த வீட்டாரும் தொடவில்லை. கடைசியில் ஜெனோ அதைப் பிளந்து, தலையைக் குனிந்தபடியே கொண்டுவந்து இனிகோவின் வாசலில் போட்டுவிட்டுப் போனான்.

பிள்ளைகள் பசியில் சிணுங்கின. இனிகோவின் மனைவி சுஜிதா அதில் ஒரு துண்டை எடுத்தாள். "வேற விறகு இல்ல. என்ன செய்யச் சொல்லுதிய?"

அவள் அடுப்பில் வைத்தாள். பச்சை மரம், எரிய மாட்டேனென்றது. புகை வீடு முழுக்க நிறைந்தது. இனிகோ எழுந்து வெளியே போகாமல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.