தடுப்புப் பலகை

கொழுந்தன் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த மரத்தடுப்பைப் பலகை பலகையாகக் கழற்றிக்கொண்டிருந்தான். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. பட்டாளம் விட்டுப்போன தகரக் கொட்டகை, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த மாதிரி. தகரத்தைத் தாங்கும் இரும்பு வளைவுகள் அதை எட்டுக் கட்டமாகப் பிரிக்கின்றன. நாலு எங்களுக்கு, நாலு கொழுந்தனுக்கு. தடுப்பை வளைவில்தான் பொருத்த முடியும். நகர்த்தினால் ஒரு கட்டம் முழுசாகப் போகும், பாதி என்ற பேச்சே கிடையாது. போகப்போகிற கட்டத்தில்தான் என் ஒரே ஜன்னல் இருந்தது.

"குழந்தை வரப்போகுதுல்ல, தம்பி கேக்கறான். குடுத்துட்டுப் போவோம்" என்றார் பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர்.

"ஆமா, குடுங்க. அப்படியே என்னையும் தூக்கி வெளிய வெச்சிடுங்க!"

அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். நழுவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்? ஓரகத்திக்கு வாய்த்தவன் தச்சன். சுவரோடு ஒட்டி நிற்க, முதுகு வளைந்த அலமாரி செய்து கொடுத்திருக்கிறான். என் பீரோ சுவரில் சேராமல், கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி நடுவீட்டில் நிற்கிறது. அதன் பின்னால் எலி குடித்தனம் நடத்துகிறது. அந்தப் பக்கம் அவள் சிரிக்கும்போதெல்லாம், அப்படி என்னதான் சொல்கிறான் என்று தடுப்பில் காதை வைப்பேன். தினமும்தான். கேட்டுவிட்டு வந்து இவர்மேல் எரிந்து விழுவேன்.

தடுப்பு பாதி திறந்ததும் என் ஜன்னல் காற்று அந்தப் பக்கம் ஓடியது. ஓரகத்தி வயிற்றில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பாடா, என்ன காத்துக்கா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு பலகையும் இந்தப் பக்கம் வராது. இருந்த இடத்துலயே அடிப்பா" என்றேன் கொழுந்தனிடம்.

அவன் காதில் வாங்காமல் அடுத்த பலகையைக் கழற்றி நிமிர்த்தினான். என் காது உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தலையெண்ணெய்க் கறை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இதென்ன அண்ணி, இவ்வளவு எண்ணெய்?" என்று ஆணிகளின் இடுக்கிலேயே கேட்டுப் பலகையைத் திருப்பினான்.

பின்பக்கமும் கறை. அதே அகலம், நாலு விரல் கீழே. ஓரகத்தி என்னைவிடக் குள்ளம்.

எங்கள் வீட்டில் கேட்க என்ன இருக்கிறது? இவர் வருவார், பஸ்ஸில் ஏறிய கிறுக்கர்களைப் போல நடித்துக் காட்டுவார். நான் திட்டுவேன். அவர் சிரிப்பார். கடைசியில் நானும் சிரித்துவிடுவேன். அவ்வளவுதான்.

ஓரகத்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரத்துணியை எடுத்துவந்து தன் பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். நானும் ஒரு துணியை எடுத்து என் பக்கத்தைத் தேய்த்தேன். கறை போகிற வழியாக இல்லை. நடுவில் பலகை ஆடியது.

கொழுந்தன் ஆணிகளை வாயிலிருந்து எடுத்தான்.

"ரெண்டு பேரும் கையை எடுங்க. எந்த வளைவுல அடிக்கணும்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

நாங்கள் தேய்த்துக்கொண்டே இருந்தோம்.