நாத்தனார் முடிச்சு

அனுஷாவுக்கு ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்தாக வேண்டுமே என்று வீட்டில் எல்லோருக்கும் பெரிய கவலையாக இருந்தது. மறுநாள் காலை அவளுடைய ஒரே தம்பி பரத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அக்கா என்ற முறையில் அவளுக்கென்று ஒரு வேலை, யாரும் கொடுக்காமலே, ஏற்கனவே இருந்தது. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மீதி இரண்டையும் நாத்தனார்தான் போடவேண்டும். அதை அவள் கேட்டுவிடுவதற்குள் வேறு வேலையை அவள் கையில் திணித்துவிட வேண்டும். கவலை அதுதான்.

சித்தப்பா சாமிநாதன் அந்தக் கவலையைத் தீர்த்துவைத்தார். சாயங்காலம் சந்தாபுரா வீட்டுக் கூடத்துக்குள் வந்தபோது அவர் கையில் செல்போனை மாட்டி நிறுத்தும் முக்காலி ஒன்று இருந்தது. விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுசு.

"அனும்மா, நாளைக்கு லைவ் உன் பொறுப்பு. சிங்கப்பூர்ல, நியூஜெர்சில நம்ம ஜனம் அத்தனையும் போன்லதான் பாக்கப் போவுது. இந்த டெக்னிக்கல் சமாச்சாரம் உன்ன விட்டா இங்க யாருக்குத் தெரியும்?"

தாலி கட்டும் நேரத்தில் மேடைக்குக் கீழே, நாற்காலிகளுக்கு நடுவே நின்றால் படம் நன்றாக விழும் என்பதையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"அப்போ முடிச்சு யார் சித்தப்பா போடறது?" என்று அனுஷா கேட்டாள்.

கூடத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் திடீரென்று மிகக் கவனமாகத் தொடுக்க ஆரம்பித்தார்கள். சாமிநாதன் முக்காலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரக்ஷிதா போடுவாம்மா. அவளும் பரத்துக்குத் தங்கச்சிதானே."

ரக்ஷிதா அவருடைய மகள். அவள் புருஷன் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருப்பதாக வீட்டில் பேச்சு. வருஷக்கணக்காக நடக்கிற வேலை. அவன் ஹெப்பகோடியில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பது சந்தாபுராவில் காய்கறி விற்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஹெப்பகோடி, சாமிநாதன் குடும்பத்துக்கு மட்டும் வெளியூர். ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறான். ரக்ஷிதா சுமங்கலி. நாளை நாலு பேர் பார்க்க மேடை ஏறி முடிச்சுப் போட்டுவிட்டால், ஹெப்பகோடிப் பேச்சும் கொஞ்சம் அடங்கும் என்பது அவள் அப்பாவின் கணக்கு.

அனுஷாவின் புருஷன் பாலகுமார் செய்த குற்றம் வேறு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து இறந்துபோனான். பெண்டாட்டி எழுதும் ஒவ்வொரு கட்டுரையையும் முதலில் படித்துவிட்டு, புரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்த மனிதன். அதற்கெல்லாம் சாஸ்திரத்தில் மதிப்பெண் கிடையாது. புருஷன் எப்படி இருக்கிறான் என்பது கேள்வியே இல்லை, இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

அனுஷா எப்பேர்ப்பட்டவள் என்பதில் மட்டும் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் 'பேராசிரியர் டாக்டர் அனுஷா பாலகுமார், சர்வதேசப் பொருளாதார நிபுணர், ஜெனீவா' என்று மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரைக் காட்டித்தான் சாமிநாதன் இந்தச் சம்பந்தத்தையே பேசி முடித்தார். அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. பார்க்கும்போதெல்லாம் டாலர் ஏறுமா இறங்குமா என்று மட்டும் கேட்பார். தெரியாது என்று அவள் உண்மையைச் சொன்னால், படித்தவர்களுக்கு வாய் திறக்க மனசு வராது என்று வருத்தப்படுவார்.

அவள் ஆராய்ச்சி இதுதான். எங்கோ ஒரு நாட்டின் பணம் மதிப்பிழந்து படுத்துவிடுகிறது. அடுத்த வாரமே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு நாடும் படுத்துவிடுகிறது. இரண்டுக்கும் வியாபாரம் இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. பிறகு எப்படித் தொற்றியது? பெரிய பெரிய பேராசிரியர்கள் பலகை நிறையச் சமன்பாடு எழுதிப் பார்த்தார்கள். மாணவியாக இருந்த அனுஷா அதோடு இன்னொன்றும் செய்தாள். அந்த நாட்டின் பணத்தை விற்றுத் தள்ளியவர்களை நேரில் பார்த்து, ஏன் விற்றீர்கள் என்று கேட்டாள். முதல் ஆள், தனக்கு அந்த நாட்டின்மேல் துளியும் சந்தேகம் இல்லை, மற்றவர்கள் பயந்து விற்பார்கள் என்று தெரிந்ததால் முந்திக்கொண்டேன் என்றான். அவன் கை காட்டியவனிடம் போனாள். அவனும் அதையே சொல்லி வேறொருவனைக் காட்டினான். இப்படியே போனதில் கடைசி ஆள் முதல் ஆளைக் கை காட்டினான். பயந்தவன் என்று ஒருத்தனும் அகப்படவில்லை. அடுத்தவன் பயப்படுவான் என்று ஒவ்வொருவனும் பயந்ததில் ஒரு நாடே கவிழ்ந்திருந்தது.

அந்தப் புத்தகம் வந்தபிறகு அவளுக்கு வீட்டில் தங்க நேரம் இல்லை. எந்த நாட்டில் பணம் ஆட்டம் கண்டாலும் அந்த ஊர் நிதி மந்திரி அவளைக் கூப்பிடுவார். அவள் விமானத்திலிருந்து இறங்கும் படத்தை அங்கே பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் போட்டு, நல்ல அறிகுறி என்று எழுதுவார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சந்தை நிதானத்துக்கு வந்த நாடுகள் உண்டு. பாவம், அந்த ஊர்க்காரர்களுக்கு நம் சாஸ்திரம் தெரியாது.

அன்று சாயங்காலம் அனுஷா அதே வேலையைத் தன் வீட்டிலும் செய்தாள். முதலில் அம்மாவிடம் போனாள்.

கோமளம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் விதவைதான். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் அவளுக்கு மூன்றாவது வரிசையில் நாற்காலி. அவளுக்குப் பதிலாக மேடையில் சித்தப்பாவும் சித்தியும் அப்பா அம்மாவாக உட்காருவதாக ஏற்பாடு. தனக்கு ஒன்றும் இல்லை என்றாள் கோமளம், கொழுந்தன் மனசு சங்கடப்படும் என்றுதான் பார்ப்பதாகச் சொன்னாள்.

"நானே கீழதானடி ஒக்காரப் போறேன். ஒரு நாள்தான, பொறுத்துக்கோ."

சித்தப்பாவிடம் போனாள். தான் இதையெல்லாம் நம்புகிற ஆளே இல்லை என்றார் அவர். ஃபேக்டரியில் யூனியன் செக்ரட்டரியாக இருந்தவன், எத்தனையோ மேடையில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசியிருக்கிறேன் என்றார். பொண்ணு வீட்டார்தான் ஒரு மாதிரி, அவர்கள் ஏதாவது நினைத்துக்கொண்டால் பொண்ணுக்கல்லவா கஷ்டம்? ஐயரும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று கூடச் சேர்த்துக்கொண்டார். ஐயருக்குப் போன் போட்டாள். முடிச்சு யார் போட்டாலும் மந்திரம் ஒன்றுதான், வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

கடைசியாக, கல்யாணப் பெண்ணின் அம்மா சரசுவைப் போனில் கூப்பிட்டாள்.

"ஐயோ, எங்களுக்கு ஒண்ணும் தொந்தரே இல்லம்மா," என்றாள் சரசு. "நீங்க போட்டா எங்க தர்ஷினிக்குப் பெருமைதான். உங்க சித்தப்பாதான் போன் பண்ணி, இது எங்க வீட்டு வழக்கம், தப்பா நெனைக்காதீங்கன்னாரு. உங்க அம்மா வருத்தப்படுவாங்களோன்னு நாங்களும் வாயத் தொறக்கல."

வட்டம் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டது. எத்தனை நாடு சுற்றியும் இவ்வளவு சுத்தமான உதாரணம் அனுஷாவுக்குக் கிடைத்ததில்லை. அவள் சித்தப்பாவிடம் திரும்பிப் போய், யாருக்குமே ஆட்சேபணை இல்லை என்பதை வரிசையாக எடுத்துச் சொன்னாள்.

"அதெல்லாம் சரிம்மா," என்றார் அவர். "நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அந்த நாலு பேரை அனுஷாவுக்கு நன்றாகத் தெரியும். நாடுகளைக் கவிழ்த்தவர்கள் அவர்கள்தான். உலகம் முழுக்கத் தேடியிருக்கிறாள், நேரில் பார்த்ததில்லை.

பரத் வந்தான். ஐடி கம்பெனியில் ஒரு பெரிய டீமையே மேய்க்கிறவன். தனக்கு இதில் நம்பிக்கையே கிடையாது என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோக்கா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் நம்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் அனுஷாவுக்கு அழுகை வந்தது. பாலகுமாரின் உடலை இந்த வீட்டுக்குத்தான் கொண்டுவந்தாள். காரியத்தன்று அவள் கழுத்திலிருந்த தாலியை அவிழ்க்க வேண்டியிருந்தது. சுமங்கலிகள் தொடக்கூடாது, அதற்கு அப்படிப்பட்ட கைதான் வேண்டும் என்று சொல்லி, சாமிநாதன் கோமளத்தைக் கூப்பிட்டார். பெற்ற அம்மாவே மகளின் தாலியை அவிழ்த்தாள். முடிச்சு பிடிபடாமல், வெகுநேரம் அவிழ்த்தாள். அன்றைக்கு யாரும் யார் மனசு சங்கடப்படும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முக்காலியை வாங்கிக்கொண்டாள். சித்தப்பாவுக்கு நிம்மதி. எவ்வளவு படித்தாலும் நம்ம பொண்ணு தன்மையான பொண்ணு என்று கூடத்தில் எல்லோரிடமும் சொன்னார்.

ஓசூர் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் காலை முகூர்த்தம். அனுஷா சொன்ன இடத்தில் முக்காலியை நிறுத்தி, லைவைத் திறந்துவிட்டாள். சிங்கப்பூரிலிருந்து வாழ்த்துகளும் பூப்படங்களும் வந்து கொட்டின. மூன்றாவது வரிசையில் கோமளம் புதுப் புடவையில், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். பரத்துக்குப் பக்கத்தில் தர்ஷினி தலை குனிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ரக்ஷிதாவை நிற்க வைத்திருந்தார்கள். அவள் முகத்தில் பவுடரைத் தவிர ஒன்றும் இல்லை.

கெட்டிமேளம் முழங்கியது. பரத் தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டான். கயிற்றின் இரண்டு நுனியும் ரக்ஷிதாவின் கைக்கு வந்தன. அவள் போடவில்லை. நுனிகளைப் பிடித்தபடியே நிமிர்ந்து அனுஷாவைப் பார்த்தாள்.

"அக்கா, நீ வந்து போடு," என்றாள். மேளத்தையும் மீறி முன்வரிசைகளுக்குக் கேட்டது. "என் கைராசிய நம்பியா இவளுக்குப் போடறது? என் புருஷன் ஹெப்பகோடில இருக்கான்."

சாமிநாதன் மேடையிலிருந்து கிட்டத்தட்டக் குதித்து இறங்கி அனுஷாவிடம் ஓடிவந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அனுஷா முக்காலியை அவர் கையில் கொடுத்தாள்.

"லைவ் போயிட்டிருக்கு சித்தப்பா. ஆட்டாம புடிங்க. பேசினா எல்லாருக்கும் கேக்கும்."

நியூஜெர்சியும் சிங்கப்பூரும் பார்த்துக்கொண்டிருந்தன. சாமிநாதன் ஆட்டாமல் பிடித்தார். அனுஷா மேடை ஏறி, ரக்ஷிதா கையிலிருந்து நுனிகளை வாங்கி, இரண்டு முடிச்சையும் அழுத்தமாகப் போட்டாள். ஐயர் மந்திரத்தை ஓரிடத்திலும் விடவில்லை. மண்டபம் முழுக்க அட்சதை விழுந்தது. பேச வேண்டிய நாலு பேர் அன்றைக்கும் வரவில்லை போலிருக்கிறது. வந்தவர்களெல்லாம் காபி எங்கே என்று பார்த்தார்கள்.

லைவை அணைத்த மறு நிமிஷம் சாமிநாதனுக்குக் குரல் வந்தது. மேடை ஏறி, சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். நடந்தது நடந்துவிட்டது, யார்மேலும் தப்பில்லை. அந்த இரண்டு முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டு ரக்ஷிதா மறுபடி போட்டுவிடட்டும். ஆல்பத்துக்கு போட்டோ எடுக்கிற மாதிரி எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. தனக்காகச் சொல்லவில்லை, பொண்ணு வீட்டார் மனசுக்காகச் சொல்வதாகவும் விளக்கினார்.

தர்ஷினி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பூ வைத்த சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, பின்கழுத்தை அவருக்கு நேராகத் திருப்பினாள்.

"அவுத்துக்கோங்க மாமா," என்றாள்.

கட்டிய சூடு ஆறாத தாலிக் கயிறு. மணமேடை. சாமிநாதனின் கை பாதிவரை போய் நின்றுவிட்டது. அவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் கலசத்தை நகர்த்தி வைத்தார். சித்தியைப் பார்த்தார். சித்தி இரண்டடி பின்னால் போனாள். சரசுவைப் பார்த்தார். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினாள். நேற்று யாருக்குமே நம்பிக்கை இல்லை, இப்போது அந்த மேடையில் அத்தனை பேரும் நடுங்கினார்கள்.

வேறு வழியில்லாமல் அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"அண்ணி, நீங்களாவது வந்து..."

கோமளம் எழுந்தாள். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து, தன் மகன் கல்யாணத்தில் முதல் தடவையாக மேடைப்படி ஏறினாள். மருமகளின் கழுத்தருகே போய் அந்த முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவுக்கறதுன்னா மட்டும் எங்க கை வேணும், இல்ல தம்பி? அன்னைக்கும் என்னத்தான் கூப்புட்டீங்க," என்றாள். "என் பொண்ணுக்கு அவுத்தேன். என் மருமவளுக்கு அவுக்க மாட்டேன். என் பொண்ணு போட்டது, இருக்கட்டும்."

சடையை எடுத்துப் பழையபடி பின்னால் விட்டாள். பிறகு பெற்றவர்களுக்கென்று போட்டிருந்த மணையில் போய் உட்கார்ந்தாள். எழுந்திருங்கள் என்று சொல்ல ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை.

சாமிநாதன் கீழே இறங்கிப் போய் முக்காலியை மடிக்கப் பார்த்தார். அதை எப்படி மடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.