முதலிடம் பிடித்த ஃபிரிட்ஜ்

பத்தண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வாசலில் வந்து விசாரித்தால், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று அவர் மனைவியே சொல்லி அனுப்பிவிடுவார். மனிதர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வருடம் தவறாமல் டிசம்பர் இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, அந்த வருடம் வெளிவந்த இசை ஆல்பங்களில் தனக்குப் பிடித்த பத்தைத் தரவரிசைப்படி ஒரு முழுத்தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுவார். அதனால் பத்தண்ணன்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒட்டிய தாளை ஒருமுறைகூட அவர் திருத்தியதில்லை. அதே இருபத்திரண்டு வருடத்தில், வந்த ஃபிரிட்ஜ் எதையும் சரிசெய்யாமல் திருப்பி அனுப்பியதும் இல்லை. அவர் தலை நிமிர்ந்து நடந்தது இந்த இரண்டையும் நம்பித்தான்.

ஆல்பம் கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஷட்டரை முழுக்க இறக்கிவிடுவார். மச்சினன் பென்டிரைவில் ஏற்றிக்கொடுத்ததை ஸ்பீக்கரில் செருகி, பொத்தானை அமுக்கிவிட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். முகத்தைப் பார்த்து மார்க் போடக்கூடாது என்பது கொள்கை. ஸ்பீக்கருக்கு என்ன முகம் என்று மச்சினன் ஒருமுறை கேட்டான். “மூஞ்சி இல்லாத பொருள் உலகத்துல கிடையாது, மாப்ள” என்று பதில் வந்தது. முடிந்ததும் நோட்டில் பேனாவால் மார்க் போடுவார். பேனாவால் போட்டதை மாற்றக்கூடாது. அதற்காகவே பட்டறைக்குள் பென்சில் நுழைந்ததில்லை.

இந்த வருடம் நல்ல விளைச்சல். ஓய்வுபெற்ற ரயில்நிலைய அறிவிப்பாளர்கள் நான்கு பேர் சேர்ந்து பாடிய ஆல்பம் பத்தாவது இடம் பிடித்தது. அதில் எல்லாப் பாட்டும் சொன்ன நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகத்தான் வரும். ஏழாவது, பல் டாக்டர்களின் மெட்டல் குழு. ஐந்தாவது ஒரு தாலாட்டுத் தொகுப்பு. பதிவு செய்தவர் மூன்றாம் பாட்டிலேயே தூங்கிவிட்டதால் மீதி ஏழு பாட்டும் அவருடைய குறட்டை. ஆனால் தாளம் தப்பாத குறட்டை. மூன்றாவது ஜாஸ். டிரம்பெட் வாசிப்பவருக்கு விக்கல் எடுக்க, மற்றவர்கள் பெருந்தன்மையாக விக்கலுக்கு ஏற்பத் தாளத்தை மாற்றிக்கொண்டார்கள். இரண்டாவது தனி வயலின். மூன்று கம்பி அறுந்துபோனது வாசித்தவருக்கு ஆல்பம் வெளிவந்த பிறகுதான் தெரிந்ததாம்.

முதலிடம் மட்டும் காலியாக இருந்தது. பத்தொன்பதாம் தேதி காலை கடைசி பென்டிரைவோடு மச்சினன் வந்தான். அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். எதையும் உள்ளே ஊடுருவிப் பார்ப்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

“மாமா, இது எலக்ட்ரானிக். மூணு பேர், மூணு நாட்டுல உக்காந்து வாசிச்சிருக்காங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்லையாம்.”

“நல்ல குடும்பம்” என்று சொல்லிவிட்டுப் பத்தண்ணன் ஷட்டரை இறக்கினார்.

நாற்பத்தோரு நிமிடம். முதலில் ஒரு ‘டக்’. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு ரீங்காரம். அதன்மேல் மெல்லிய சீட்டி ஒன்று ஏறி, இறங்கி, எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. நான்காம் பாட்டில் ஏதோ ஒரு தகரம் மனசு விட்டுப் பேசியது. ஆறாம் பாட்டில் ஒரு பெண்குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல, சொல்லே இல்லாமல் முணுமுணுத்தது. எட்டாம் பாட்டின் முடிவில் எல்லாம் ஒருமுறை குலுங்கி, சட்டென்று நின்றது. பத்தண்ணன் கண்ணைத் திறக்காமலே நோட்டை எடுத்துத் தொண்ணூற்றேழு என்று எழுதினார். அதுவரை அவர் யாருக்கும் தொண்ணூற்றொன்றுக்கு மேல் போட்டதில்லை.

மச்சினன் ஸ்பீக்கர் பக்கம் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். பட்டறையில் அந்தப் பக்கம் இருப்பது ஒரே பிளக் பாயின்ட்.

“மாமா, ஸ்பீக்கர் வயர் கீழ கிடக்கு.”

“அப்புறம் பாட்டு எங்கேருந்து வந்துது?”

மச்சினன் விரலை நீட்டினான். பிளக் பாயின்ட்டில் செருகியிருந்தது பூக்கடைக்காரம்மாவின் ஃபிரிட்ஜ். முந்தின நாள் சாயங்காலம்தான் வந்தது. குளிர் பிடிக்கவில்லை, சத்தம் அதிகம் என்று புகார். சோதித்துப் பார்ப்பதற்காகப் பத்தண்ணனே ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகியிருந்தார். செருகியதை மறந்தும் போயிருந்தார்.

பத்தண்ணன் எழுந்து போய் ஃபிரிட்ஜில் காதை வைத்துப் பார்த்தார்.

“அடிச்சிட்டு வேற மார்க் போடுங்க” என்றான் மச்சினன்.

“பேனாவால போட்டாச்சு.”

“மாமா, அது ஃபிரிட்ஜு.”

“அதனாலதான் நான் மூஞ்சியப் பாக்கிறதில்ல.”

“இந்த வருஷம் வந்ததா இருக்கணும்னு உங்க லிஸ்ட்டுல ரூல் இருக்கு. இது பதினாலு வருஷப் பழசு.”

“பாடறவருக்கு அறுபது வயசுன்னா ஆல்பம் பழசாயிடுமா? ஃபிரிட்ஜுதான் பழசு. கோளாறு இந்த வருஷம் வந்தது.”

எக்ஸ்ரேயில் விழாத வாதம் அது.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தாள் சுவர் ஏறியது. முதலிடம்: பூக்கடைக்காரம்மாவின் ஃபிரிட்ஜ். வகை என்ற கட்டத்தில் ‘இன்னும் பெயரிடப்படவில்லை’ என்று எழுதியிருந்தார்.

பத்து மணிக்கு முடிதிருத்துபவர் வந்து கேட்டார். இரண்டாம் பாட்டு தன் தொழிலுக்கு ஆபத்து, தலை தானாக ஆடுகிறது, கையில் கத்தி இருந்தால் ஒரு காது போயிருக்கும் என்று பாராட்டினார். மத்தியானத்துக்குள் வரிசை தெருமுனையைத் தொட்டது. இது நாட்டுப்புற இசையா, எலக்ட்ரானிக்கா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கரண்டில் ஓடுகிறதே என்றார் ஒருவர். சமையலறையில் பிறந்ததே என்றார் மற்றவர். வீட்டுக்குப் போன ரசிகர்கள் தங்கள் ஃபிரிட்ஜ்களைப் புதிதாகக் கவனித்தார்கள். சுருதி இல்லை, வெறும் இரைச்சல் என்று சொல்லி அடுத்த சில நாட்களில் நான்கு பேர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“இதையும் அது மாதிரி கெடுத்துக் குடுங்கண்ணே.”

“நான் மெக்கானிக்கு. நல்லா ஓடறதுல கை வெக்க மாட்டேன்.”

“கெட்டதுலயும்தான் கை வெக்க மாட்டேங்கறீங்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பூக்கடைக்காரம்மா. தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தார். முதல் நாள் ‘நாளைக்கு’ என்றார் பத்தண்ணன். இரண்டாம் நாளும் ‘நாளைக்கு’. அன்றைக்கு ஆறாம் நாள். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரில் இருந்த தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“முப்பதாம் தேதி மில் மேனேஜர் ரிட்டயர் ஆகறாரு. எம்பது பொக்கே. இப்பவே பூவையெல்லாம் பக்கெட்டுல போட்டு ஈரத்துணி மூடி வெச்சிருக்கேன். இருபத்தொன்பது சாயங்காலம் என் ஃபிரிட்ஜ் குளுந்து நிக்கணும். இல்லேன்னா பத்தண்ணனுக்கு ஃபிரிட்ஜ் சரிபண்ணத் தெரியலைன்னு தெருத்தெருவா சொல்லுவேன். பொக்கேயில சீட்டு எழுதிச் சொருகியே சொல்லுவேன்.”

“கேட்டுட்டுப் பேசுங்கக்கா. ஒரே ஒரு தடவை.”

அம்மா கேட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, நாற்பத்தோரு நிமிடமும் அசையாமல்.

“நாலாவது இடம் குடுக்கலாம்” என்றார் கடைசியில்.

பத்தண்ணன் முகம் விழுந்துவிட்டது. “நாலாவதா?”

“அஞ்சாம் பாட்டு இழுவை. நான் இதை ஆவணி மாசத்துலேருந்து கேக்கறேன், தம்பி. அப்ப எங்க கடையில நானும் ஈயும் மட்டுந்தான் ரசிகருங்க. அப்ப இருந்த உயிர் இதுல இல்ல. பேர் வந்ததும் அலட்டல் வந்துருச்சு.”

பூக்கடையில் ஆரம்ப காலத்திலேயே கேட்டவர் என்று தெரிந்ததும் வரிசையில் இருந்தவர்கள் அம்மாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஆனால் தேதி மாறவில்லை. இருபத்தொன்பது.

பத்தண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. சரிசெய்தால் முதலிடத்தில் எழுதிய பாட்டு உலகத்திலேயே இருக்காது. இல்லாததைச் சொல்லும் தாள் பொய்த்தாள். அதைக் கிழித்தால் இருபத்திரண்டு வருடப் பேச்சு போயிற்று. சரிசெய்யாவிட்டால் மெக்கானிக் என்ற பேச்சு போயிற்று.

பதிவு செய்துவிட்டால் தீர்ந்தது என்று மச்சினன் தன் புது போனை எடுத்து வந்தான். நாற்பத்தோரு நிமிடமும் ஆடாமல் பிடித்தான். போட்டுக் கேட்டால் பாட்டு இல்லை. அந்த போன் தேவையில்லாத இரைச்சலைத் தானே கண்டுபிடித்து நீக்கிவிடும் உயர்ந்த ரகம். முழு ஆல்பத்தையும் அது துடைத்தெடுத்துவிட்டு, முடிதிருத்துபவர் பதினேழாம் நிமிடத்தில் இருமிய ஒரே ஒரு இருமலை மட்டும் மிகத் தெளிவாக வைத்திருந்தது.

“இருமல் நல்லா வந்திருக்கு, மாமா.”

“போடா.”

இருபத்தொன்பதாம் தேதி காலை மனைவி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இசையில் அவருக்கு ஹாரனுக்கு மேல் ஆர்வம் கிடையாது. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார்.

“என்னதான் ஆச்சு உங்களுக்கு?”

சொன்னார். மனைவி ஷூ லேஸைக் கட்டியபடியே கேட்டார்.

“ஏங்க, ஒம்பது வருஷம் முன்னாடி நம்பர் ஒன் போட்டீங்களே, அஞ்சு அண்ணன் தம்பிங்க. அவங்க இப்ப எங்க?”

“அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சுட்டானுங்க.”

“தாளைத் திருத்தினீங்களா?”

“எதுக்குத் திருத்தணும்? குழு கலைஞ்சா பாட்டு பாடலைன்னு ஆயிடுமா?”

“அதேதான். சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவி வைங்க” என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஓட்டப் போய்விட்டார்.

பத்தண்ணன் அன்றைக்கு மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பட்டறையில் கூட்டம் தோளோடு தோள் இடித்து நின்றது. கடைசியாக ஒருமுறை முழுவதையும் ஓடவிட்டு, எட்டாம் பாட்டு நின்றதும் பிளக்கைப் பிடுங்கினார். யாரும் கைதட்டவில்லை, சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். ஃபிரிட்ஜைத் திருப்பிப் பின்பக்கத்தைத் திறந்தார்.

“டிரம்ஸ்” என்று சொல்லி, ‘டக்’ என்று அடித்த ரிலேயைக் கழற்றிப் பாலிதீன் பையில் போட்டார். கம்ப்ரஸருக்கு அடியில் நைந்துபோன இரண்டு ரப்பர் புஷ்களை எடுத்தார். “பேஸ் கிட்டார்.” தேய்ந்த ஃபேன் மோட்டாரைக் கழற்றியபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “சீட்டி.” தளர்ந்துபோன கம்பி கிளிப் ஒன்று வந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு கரண்டியும் விழுந்தது. நான்காம் பாட்டில் மனசு விட்டுப் பேசியது அந்தக் கரண்டிதான்.

“இதைத்தான் மூணு மாசமா தேடறேன்” என்றார் பூக்கடைக்காரம்மா.

“பாடின பொண்ணு யாரு, மாமா?” என்று கேட்டான் மச்சினன்.

“கேஸு. குழாய்ல ஓட்டை. வந்த அன்னைக்கே பாதி போயிடுச்சு.” அவர் ஓட்டையைப் பற்றவைத்து மூடினார். அந்தப் பெண்ணை மட்டும் பையில் போட முடியவில்லை.

புதுச் சாமான் போட்டு, கேஸ் ஏற்றி, பிளக்கைச் செருகினார். ஃபிரிட்ஜ் ஓடியது. ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்த அம்மா தலையை ஆட்டினார்.

“குளுருது. பழைய சாமானை நீங்களே வெச்சுக்குங்க. கரண்டிய மட்டும் குடுங்க.”

“ஆல்பத்துல வாசிச்சது, அக்கா.”

“எங்க வீட்டுல குழம்பு ஊத்தினது. குடுங்க.”

கொடுத்தார். ஃபிரிட்ஜ் மூன்று சக்கர வண்டியில் ஏறிப் போனது. எண்பது பொக்கேவும் வாடாமல் மில் மேனேஜரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்றும், அவர் தும்மிக்கொண்டே ஓய்வு பெற்றார் என்றும் பிறகு செய்தி வந்தது.

பத்தண்ணன் பேனாவை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனார். தாளில் ஓர் எழுத்தையும் அடிக்கவில்லை. முதலிடத்துக்கு நேராக, மிச்சமிருந்த ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினார்: ‘குழு கலைந்துவிட்டது. யாருக்கும் யார்மீதும் வருத்தமில்லை.’

வரிசையில் நின்றவர்கள் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான்கு ஃபிரிட்ஜ்களும் வந்த வழியே திரும்பின.

ஜனவரி இரண்டாம் வாரம் மச்சினன் போன் பண்ணினான். அந்தப் பாலிதீன் பையிலிருந்த ஃபேன் மோட்டாரைக் கேட்காமல் எடுத்துப்போய்த் தன் வீட்டு ஃபிரிட்ஜில் மாட்டியிருந்தான்.

“மாமா, சீட்டி தனியா ஆல்பம் போட்டிருக்கு. வந்து கேளுங்க.”

பத்தண்ணன் போனார். ஜன்னலைச் சாத்தச் சொல்லி, ஃபிரிட்ஜுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி முப்பத்தெட்டு நிமிடம் கேட்டார். பிறகு பேனாவால் ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.

“அவ்வளவுதானா?”

“தனியா வந்தா இப்படித்தான் ஆகும், மாப்ள. நாலு பேருக்கு நடுவுல இருந்தப்ப அடக்கமா இருந்துது. இப்ப எல்லாப் பாட்டுலயும் நான் நான்னு கத்துது.”

மச்சினன் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பாலை எடுத்து முகர்ந்து பார்த்தான். திரிந்திருந்தது.

“அப்ப இதைக் கழட்டிடலாமா?”

“கழட்டு. புது மோட்டார் கொண்டு வந்திருக்கேன்” என்று சொல்லி, பத்தண்ணன் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.