மரத்தூள் படுக்கை

செவலை எழுந்திருக்கவில்லை. கொட்டகைக்குள் வெயில் வந்த பிறகும், குமுதா தொடையில் தட்டி, வாலை முறுக்கி, "எந்திரி தாயி" என்று கெஞ்சியும், அது கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு கிடந்தது. காதைத் தொட்டாள், சில்லிட்டிருந்தது. மடியைத் தொட்டாள், பின்பக்கம் ஒரு பாகம் மட்டும் கல்லாக இறுகிக் கொதித்தது. பீய்ச்சினால் பால் வரவில்லை. வெளுத்த தேத்தண்ணி மாதிரி ஏதோ வந்தது. நேற்று மாலைகூட வாளி நுரைக்கக் கறந்த மாடு. குமுதா மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

நாளை தைப்பூசம். பாக்கெட் பால் சாமிக்கு ஆகாது என்கிறவர்கள் ஈப்போவிலிருந்து இந்தப் பழைய தோட்டம் வரை கார் எடுத்து வந்து பால்குடத்துக்குப் பால் வாங்கிப் போவார்கள். போன வருஷம் வந்த வீரம்மா, ஈரச் சிமெண்டில் சாணி அப்பிய மடியோடு கிடந்த மாட்டைப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். குமுதா ரோஷக்காரி, அதுவே போதும். இந்த வருஷம் தன் வீட்டுக்காரர் பத்துமலையை விரட்டி, காம்பார் சாலையிலிருக்கும் பலகை அறுக்கும் கிலாங்கிலிருந்து அன்றன்று அறுத்த மரத்தூளை லோரியில் கொண்டுவரச் செய்து, கணுக்கால் புதையப் பரப்பினாள். காலையில் சாணியை மட்டும் அள்ளிவிட்டு மேலே புதுத்தூளைத் தூவுவாள். மாடுகள் பளபளவென்றிருந்தன. தன் மெத்தைகூட இவ்வளவு பஞ்சாக இல்லை என்று பத்துமலை கேலி செய்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாட்டு டாக்டர் தினேஸ்வரி வந்து ஊசி போட்டு, கழுத்தில் மருந்து பாட்டிலை ஏற்றினாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மரத்தூளுக்குள் கையை விட்டாள்.

"அக்கா, நீங்களும் கைய விட்டுப் பாருங்க."

மேலே பொன்னிறமாகக் காய்ந்திருந்தது. விரல் கொஞ்சம் இறங்கியதும் பிசுபிசுத்தது. இன்னும் இறங்கியதும் குமுதா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வடித்த சோற்றுக்குள் விட்டதுபோல் அப்படி ஒரு சூடு.

"பச்சை மரத்தூளு, அக்கா. மூத்திரமும் சேந்து உள்ளயே வெந்துருக்கு. கிருமிக்கு இத விட வசதி வேணுமா? படுக்கிறப்ப மடி இதுமேலதான இருக்கு."

"சுத்தமாத்தானம்மா வச்சிருந்தேன்."

மேலே சுத்தம்தான் என்றாள் தினேஸ்வரி. காயவைத்த தூளைப் போட்டு, பின்னங்கால் பக்கம் நனைந்ததைத் தினமும் அடியோடு அள்ளியிருக்க வேண்டும், அது முடியாவிட்டால் ரப்பர் பாய் விரித்து, அதைக் கழுவிக் காயவிட்டிருக்கலாம் என்றாள். செவலை பிழைக்குமா என்று பத்துமலை கேட்டதற்கு, மற்ற மாடுகளை உடனே வெளியே ஓட்டச் சொன்னாள். வேறு யாரும் செய்யவில்லை. குமுதா தன் கையால், ஆசை ஆசையாக, தானே அள்ளிப் போட்டது.

அந்த நேரம் பார்த்து வீரம்மா மஞ்சள் புடவையில் பித்தளைக் குடத்தோடு வந்து நின்றாள். கிடந்த மாட்டைப் பார்த்ததும் அவளுக்கும் முகம் செத்துவிட்டது. மகளின் பிரசவத்துக்காக வேண்டிக்கொண்டது, நேர்த்தி தவறக்கூடாது என்று மெதுவாகச் சொன்னாள்.

"பாவம்தான் குமுதா. அந்த மயிலைமாடு நல்லாத்தான இருக்கு? அதுல கறந்து குடுத்துரு லா."

பத்துமலை அவிழ்த்துவிட்ட மயிலை சிமெண்டு முற்றத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரு பொட்டு அழுக்கில்லாத மாடு. குமுதா அதன் அடியில் உட்கார்ந்து, வீரம்மா நீட்டிய குடத்தை வாங்காமல், உள்ளங்கையில் பீய்ச்சினாள். முதல் காம்பில் வெள்ளைப் பால். அடுத்ததிலும் வெள்ளைப் பால். வீரம்மா குடத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். மூன்றாவது காம்பு கைக்குச் சுட்டது. குமுதா அழுத்தினாள். மயிலை காலை உதறியது. உள்ளங்கையில் மஞ்சள் தண்ணீர், நடுவே திரிதிரியாக ஏதோ மிதந்தது.

அவள் விரல்களை மூடிக்கொண்டாள். இடுக்கு வழியே அது முழங்கைக்கு வழிந்தது.